மஞ்சள் பொத்தானும் ஒரு கட்டைவிரலும்

பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி வருவதற்கு முன்னால் நாளச் சான்றிதழை, அதாவது ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது என்கிற சீட்டைக் கேட்கிற காலம் வந்திருந்தது. பத்துப் பொருத்தமும் கூடி வந்தாலும், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கோப்பில் ‘நாளப் பழுது’ என்று ஒரு வரி இருந்தால் போதும், பெண்ணின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கொங்குப் பக்கத்தில்தான் இந்தக் கூத்து அதிகம். அந்தப் பக்கத்து சனங்களுக்கு ரத்தக்குழாயின் சுவர் பிறவியிலேயே மெலிது என்று ஓர் ஆய்வுக் குழு புள்ளிவிவரத்தோடு அறிக்கை விட்டிருந்தது. அதை நம்பி ஆளாளுக்கு ‘நாள வலு மாத்திரை’ விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு மாவும் பச்சைச் சாயமும், வேறொன்றும் இல்லை.

மெலிதாவது, மண்ணாவது! அந்த சனங்களின் ரத்தக்குழாய் எருமை கட்டுகிற கயிறு மாதிரி திடமாகத்தான் இருந்தது. பழுது வேறு இடத்தில்.

இதயத்துக்குக் குழாய் விடுகிறேன், மூளைக்குக் குழாய் விடுகிறேன் என்று டாக்டர்கள் மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ ஊசி குத்தி, மெல்லிய கம்பியை நாளத்துக்குள் தள்ளுவார்கள். சில நேரம் கம்பி நாளத்தின் சுவரைக் கிழித்துவிடும். வைத்தியம் பார்க்கப் போய் வைத்தியமே உண்டாக்குகிற காயம். முன்பெல்லாம் அந்தக் காயத்துக்கு டாக்டர்கள் பயந்தார்கள். பயந்ததால் மெதுவாகத் தள்ளினார்கள். கிழிந்தால் விரலால் அழுத்திப் பிடித்தார்கள். அப்படியும் நிற்காவிட்டால் திறந்து, மயிரிழை நூலால் கையாலேயே தைத்தார்கள்.

நாளத்தையலி வந்தது, பயம் போனது. கண்ணுக்குத் தெரியாத நான்கு லட்சம் துகள்கள், ஒரு சின்ன சிரிஞ்சுக்குள். வேலையைத் தொடங்கும் முன்பே அவற்றை நோயாளியின் ரத்தத்தில் ஏற்றிவிடுவார்கள். எங்கே கிழிகிறதோ அங்கே எறும்பு மாதிரி வந்து மொய்த்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துவிடும். நான்கே நிமிடம். தழும்புகூட இருக்காது.

ஆனால் தைப்பதற்கு முன்னால் அது ஒரு கேள்வி கேட்கும். திரையில் இரண்டு பொத்தான்கள் ஒளிரும். மஞ்சள் பொத்தானில் ‘எங்கள் பிழை’ என்றிருக்கும். நீலத்தில் ‘நாளப் பழுது’. நல்ல நாளத்தைக் கம்பி கிழித்திருந்தால் மஞ்சளை அழுத்த வேண்டும், துகள்கள் தைக்கும். நாளமே உளுத்துப்போய்ப் பிய்ந்திருந்தால் நீலம். இற்றுப்போன துணியில் தையல் நிற்காதே, அதனால் துகள்கள் தைக்காமல் அந்த நாளத்தையே அடைத்து மூடிவிடும். உயிர் பிழைக்கும். அந்த நாளத்தை நம்பியிருந்த கைக்கோ காலுக்கோ பக்கத்துக் கிளைகள் ரத்தம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒன்பது நிமிடம்வரை எவரும் எதையும் அழுத்தாவிட்டால், உயிராவது மிஞ்சட்டும் என்று அதுவே நீலத்தை எடுத்துக்கொள்ளும்.

துகளுக்குக் கண் கிடையாது. கிழிசல் தெரியும், கிழித்தது யார் என்று தெரியாது. அதை டாக்டர் வாயைத் திறந்து சொல்லிவிடுவார் என்று கண்டுபிடித்தவர்கள் நம்பினார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் இல்லை போலிருக்கிறது.

ஏனென்றால் மஞ்சளை அழுத்தினால் அது டாக்டர் பெயரில் பதிவாகும். வருடத்துக்கு மூன்று மஞ்சள் விழுந்தால் மறுபயிற்சி வகுப்பில் போய் உட்கார வேண்டும். நீலத்தை அழுத்தினால் நோயாளி பெயரில் பதிவாகும். அப்புறம் என்ன? படித்த மகராசன்கள் எதை அழுத்தினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த வித்தையில் கரைகண்டவர் டாக்டர் தீனதயாளன். வயது ஐம்பத்தெட்டு. கொங்குப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு நாள மையம் நடத்தினார். வாசலில் ஆளுயரப் பலகை: ‘ஆறு ஆண்டுகள். பிழை: பூச்சியம்.’ அதன் கீழே அவர் கைகட்டி நிற்கிற படம். ஒரு காலத்தில் அந்தக் கைகளுக்கு நிஜமாகவே பெருமை உண்டு. கிழிந்த நாளத்தை நூலால் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதெல்லாம் பழைய கதை. தையலி வந்ததும் மனிதர் ஊசியைத் தொடவும் இல்லை, எவருக்கும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு மந்திரம்: “தள்ளும்மா தள்ளு, தையலி இருக்குல்ல!”

ஒரு தடவை வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த டாக்டர் ஒருவன், கம்பி கிழித்ததும் உண்மையிலேயே மஞ்சளை அழுத்திவிட்டான். நோயாளி மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார். டாக்டர் அதற்கு முந்தின நாளே போய்விட்டான், வேலையில்லாமல். அந்த ஒரு மஞ்சளைப் பதிவிலிருந்து அழிக்க தீனதயாளன் படாத பாடு பட்டார். அழித்த கையோடு மஞ்சள் பொத்தானுக்கு ஒரு பூட்டும் போட்டார். இனி அதை அழுத்துவதற்கு முன்னால் துறைத்தலைவரின், அதாவது அவருடைய, வலது கட்டைவிரலை ரேகை பார்க்கிற விரல்காட்டியில் வைக்க வேண்டும். கடவுச்சொல் கிடையாது, மாற்று ஆள் கிடையாது. படத்தையோ ரப்பர் விரலையோ வைத்து ஏமாற்ற முடியாதபடி, உள்ளே ரத்தம் ஓடுகிற விரலை மட்டும்தான் அது ஏற்கும். “சின்னப் பசங்க பதட்டத்துல தப்பா அழுத்திடக் கூடாதில்ல?” என்று கூட்டத்தில் விளக்கம் வேறு. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கட்டைவிரல் விரல்காட்டிப் பக்கம் போனதே இல்லை.

பூபதி என்று ஒருவர். திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டி ஓட்டியவர். நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ பார்க்க வந்தார். தொடையில் விட்ட கம்பி நாளத்தைக் கிழித்தது. தீனதயாளனே தள்ளிய கம்பி. கையோடு நீலத்தை அழுத்தினார். நாளம் மூடியது. நான்காம் நாள் பூபதியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

“ஏனுங்க சார், இருவத்தஞ்சு வருசமா ராவும் பகலும் வண்டி மேலயே நின்னவனுங்க. எனக்குப் போயி ரத்தக்குழாய் சரியில்லீங்களா?” என்று கேட்டார் பூபதி.

“தப்பு யார் மேலயும் இல்லைங்க. உங்க உடம்பு அப்படி” என்றார் டாக்டர், முகத்தில் அத்தனை கருணையோடு.

“எம் பையனுக்கும் வருங்களா?”

“பரம்பரைதானே. வரலாம். வலு மாத்திரை எழுதித் தரேன், நீங்களும் சாப்பிடுங்க, அவனுக்கும் குடுங்க.”

பூபதி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள மனசு எவ்வளவு மரத்துப்போயிருக்க வேண்டும்! பக்கத்தில் நின்ற சிஸ்டர் பிலோமினாவுக்கு எல்லாம் தெரியும். நாகர்கோவில்காரி, முப்பது வருட அனுபவம், கம்பி எங்கே முட்டியது, எப்படி முட்டியது என்று கண்ணால் பார்த்தவள். அவளும் வாயைத் திறக்கவில்லை. வேலை வேண்டுமே. அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை என்பதை வேண்டுமானால் அவள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை, மாடிப்படி ஏறும்போது தீனதயாளனுக்கே நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஆஞ்சியோ பார்த்தாக வேண்டும். சென்னைக்குப் போகலாம் என்றார் மனைவி. “எம் மையத்த விட்டுட்டு நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போனா ஊர் சிரிக்காதா?” என்றார் அவர். படம் பிடிக்க ஆளையும் வரச்சொல்லிவிட்டார். முதலாளியே தன் மையத்து மேசையில் சிரித்தபடி படுத்திருக்கிற படம்; அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

கம்பி விடப் போகிறவள் டாக்டர் மிருதுளா. அவருடைய முதன்மை மாணவி. நானூறு ஆஞ்சியோ செய்தவள், கம்பியை ஒருநாளும் மெதுவாகத் தள்ளிப் பழகாதவள்.

வலது மணிக்கட்டைத் துடைத்துவிட்டு சிஸ்டர் பிலோமினா சொன்னாள்: “சார், ஒரு அரை நிமிசம். உள்ளங்கையைப் பாத்துட்டு ஆரம்பிச்சிரலாம்.”

இது பழைய வழக்கம். கைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளங்கள் இரண்டு. ஒன்று கட்டைவிரல் பக்கம், இன்னொன்று சுண்டுவிரல் பக்கம். இரண்டையும் மணிக்கட்டில் அழுத்திப் பிடித்து, கையை மூடித் திறக்கச் சொல்லி, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட வேண்டும். உள்ளங்கை முழுக்கச் சிவந்தால் கவலையில்லை. கட்டைவிரல் பக்கம் வெளுத்தே இருந்தால், அந்த விரல்களுக்கு இருப்பது ஒரே ஒரு நாளம்தான் என்று அர்த்தம். அதில் கம்பி விடக்கூடாது.

தீனதயாளன் சிரித்தார். “சிஸ்டர், நீங்க இன்னும் மாட்டுவண்டி காலத்துலயே இருக்கீங்க. தையலி எதுக்கு இருக்கு?” படம் பிடிக்க வந்தவனும் சிரித்தான். பிலோமினா கையை எடுத்துக்கொண்டாள்.

துகள்களை ஏற்றினார்கள். ஊசி குத்தினாள் மிருதுளா. கம்பி முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், ஒரு வளைவில் முட்டியது.

“சார், லேசா தடுக்குது.”

“தள்ளும்மா தள்ளு” என்றார் டாக்டர், படத்துக்கு முகத்தைக் காட்டியபடி.

தள்ளினாள். அவர் ‘ஆ’ என்று கத்தினார். முன்கை புடைத்தது. திரை சிவந்து, தையலி தன் கேள்வியைக் கேட்டது. மஞ்சள், நீலம். மூலையில் ஒன்பது நிமிடம் ஓடத் தொடங்கியது.

பிலோமினா பாய்ந்து வந்து, தன் இரண்டு கட்டைவிரல்களையும் குவித்து முழங்கைக்குக் கீழே அழுத்திப் பிடித்தாள். வீக்கம் நின்றது. மிருதுளாவின் விரல் பழக்கதோஷத்தில் நீலத்தின் மேல் போய் நின்றது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அறையில் வேறெந்தப் பொத்தானையும் அவள் அழுத்திப் பார்த்ததில்லை.

“நீலத்தத் தொடாத!” என்று அலறினார் தீனதயாளன். “மஞ்சள்! மஞ்சள அழுத்து! நல்ல ரத்தக்குழாய்டி அது! நீதான் கிழிச்ச!”

ஆறு வருடத்தில் அந்த மையத்துக்குள் உரக்கச் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. சொன்னவர் மேசையில் கிடந்தார்.

“பூட்டியிருக்கு சார்” என்றாள் மிருதுளா. “உங்க விரல் வேணும்.”

“கொண்டா!”

விரல்காட்டியை இழுத்து வந்து அவருடைய வலது கட்டைவிரலுக்கு அடியில் வைத்தாள். திரையில் எழுத்து வந்தது: உயிருள்ள விரல் இல்லை.

“சிஸ்டர் அழுத்திட்டிருக்காங்க, அதான் ரத்தம் போகல. சிஸ்டர், விடுங்க!” என்றாள் மிருதுளா.

பிலோமினா விட்டாள். முன்கை பலூன் மாதிரி உப்பியது. கட்டைவிரல் வெளுத்தபடியே கிடந்தது. உயிருள்ள விரல் இல்லை. கிழிசல் வழியாக ரத்தமெல்லாம் சதைக்குள் போய்க்கொண்டிருந்தது, விரலுக்கு எதுவும் வரவில்லை. அவள் மறுபடி அழுத்திப் பிடித்தாள். அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் சிவப்பாக இருந்தன. மற்ற மூன்றும் மெழுகு மாதிரி.

“சுண்டுவிரல் பக்கத்து ரத்தம் கட்டைவிரலுக்கு வரல சார். உங்களுக்கு இந்த ஒரு குழாய்தான்” என்றாள் பிலோமினா. “அந்த அரை நிமிசத்துல தெரிஞ்சிருக்கும்.”

ஐந்து நிமிடம் போயிருந்தது. இடது கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்கள். பதிவில் இல்லை. பூட்டையே எடுத்துவிடலாமா என்று மிருதுளா திரையில் தேடினாள். ‘பூட்டை நீக்கத் துறைத்தலைவரின் வலது கட்டைவிரலை வைக்கவும்’ என்றது. தீனதயாளன் தானே பார்த்துப் பார்த்து எழுதிக்கொடுத்த விதி, ஒரு சந்து விடாமல். வெந்நீர்த் துணியைச் சுற்றினார்கள், விரலைத் தேய்த்தார்கள், கையைத் தொங்கவிட்டார்கள். விரல்காட்டி அசைந்துகொடுக்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை.

“துகள் இல்லாம, பழைய மாதிரி திறந்து கையால தச்சிட்டா? தைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சிஸ்டர்?” மிருதுளா கிட்டத்தட்ட அழுதாள்.

“இந்த ஜில்லாவுலயே ஒருத்தர்தான் இருக்காரு” என்றாள் பிலோமினா. “அவரு கையைத்தான் நான் புடிச்சிட்டு நிக்கேன்.”

தீனதயாளன் வலது கையைப் பார்த்தார். அப்புறம் மாணவியைப் பார்த்தார். “நீ தச்சிருவியா? நான் சொல்றேன், நீ தையி.”

“நான் நூல் கோத்ததுகூட இல்ல சார். நீங்க சொல்லித் தரலையே.”

ஒன்பதாவது நிமிடம் முடிந்தது. மணிகூட அடிக்கவில்லை. நீலப் பொத்தான் தானாக அழுந்தி, துகள்கள் தம் வேலையைச் சுத்தபத்தமாகச் செய்தன. பிலோமினா கையை எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை. திரையில் வந்தது: நாளம் பாதுகாப்பாக மூடப்பட்டது. நோயாளி நலம்.

படம் பிடிக்க வந்தவன் எப்போது நழுவினான் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள், கறுத்துப்போன கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். அந்த மஞ்சள் பொத்தானைத் திறக்கத் தெரிந்த ஒரே விரல், மற்ற மருத்துவக் கழிவுகளோடு சிவப்புப் பையில் போனது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மிருதுளா கோப்பை வாசித்தாள். தலைவர் நாற்காலியில் தீனதயாளன், கட்டுப்போட்ட கையோடு. “நோயாளி ஆண், ஐம்பத்தெட்டு வயது. செயல்முறை விதிப்படி நடந்தது. நோயாளியின் நாளம் இயல்பாகவே பலவீனம். நாளப் பழுது.” ஒரு சொல் பிசகவில்லை. ஆயிரத்துச் சொச்சம் கோப்புகளில் அவரே சொல்லி எழுதவைத்த வாசகம்.

அறை காத்திருந்தது. ‘பொய்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்தக் கோப்பைத் திறக்க வேண்டும். இதைத் திறந்தால் மற்ற கோப்புகளும் திறக்கும்; பூபதியின் கால் எழுந்து வந்து நிற்கும்; வாசல் பலகையைக் கழற்ற வேண்டும். பிலோமினா கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவர் மட்டும் சொல்லிவிட்டால், தானும் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

“ம். நாளப் பழுதுதான்” என்றார் தீனதயாளன். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

சீ! மூன்று விரல் போயும் மனிதருக்குப் பலகைதான் பெரிது.

பிலோமினா அன்று மத்தியானமே கணக்கு முடித்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டாள். வாசல் பலகையில் ‘ஆறு’ என்பதை அழித்து ‘ஏழு’ என்று எழுதினார்கள். பூச்சியம் அப்படியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, செயற்கை விரல் பொருத்திக்கொள்ள தீனதயாளன் பெருந்துறைச் சாலையில் ஒரு செயற்கை உறுப்புக் கடைக்குப் போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் தம் பிளாஸ்டிக் காலை மடியில் வைத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பூபதி.

“சார்! நீங்களா? அட, கையென்னங்க சார் ஆச்சு?”

“ஆஞ்சியோ பண்ணும்போது…” என்றார் டாக்டர்.

“அடக் கடவுளே! உங்களுக்கும் ரத்தக்குழாய் சரியில்லீங்களா?”

கேலி இல்லை அந்தக் குரலில். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது பூபதிக்கு. டாக்டருக்குச் சொல்ல நேரம் இருந்தது. கூட்டம் இல்லை, கோப்பு இல்லை, கேட்க ஒரே ஒரு ஆள்.

“ஆமாங்க” என்றார்.

“மனச உட்றாதீங்க சார். தப்பு யார் மேலயும் இல்லீங்க, நம்ம உடம்பு அப்படி. எம் பையனுக்குப் பார்த்த பொண்ணு வீட்லகூட சீட்டப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டாங்க. என்னங்க பண்றது, பொறப்பு.” பூபதி சட்டைப்பையைத் துழாவி ஒரு பச்சை மாத்திரை அட்டையை எடுத்தார். “நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க. ஒரு வேளைகூட உடறதில்ல. நானும் பையனும் சாப்பிடறோம். நீங்க இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?”

தீனதயாளன் இல்லை என்று தலையாட்டினார்.

அட்டையைப் பிதுக்க இரண்டு கை வேண்டும். பூபதியே பிதுக்கி, மாத்திரையை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார். “போடுங்க சார். நான் பார்க்கப் போட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

டாக்டர் அதை வாயில் போட்டு விழுங்கினார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டது பூபதிதான்.